சாகசமும் அமைப்பும்: சிவாஜியின் ஆட்சியிலிருந்து பெறப்படும் மேலாண்மைப் பாடங்கள்

வரலாற்று மன்னர்களின் தலைமைப் பண்புகளிலிருந்து இன்றைய தொழில் நிறுவனங்களுக்கான பாடங்களைத் திரட்டும் நூல்களும் பயிற்சி வகுப்புகளும் இந்தியாவில் பெருகியுள்ளன. அவற்றில் மிகுதியாக எடுத்தாளப்படுபவர்களுள் ஒருவர் மராத்திய அரசை நிறுவிய சிவாஜி (1630–1680). இம்முயற்சி பயனற்றதன்று. ஆயினும் மன்னரின் சாகசங்களையும் அவர் வகுத்த நிர்வாக அமைப்பையும் வேறுபடுத்தாமல், இரண்டையும் ஒரே மதிப்புடைய சான்றுகளாகக் கொள்வது அதன் அடிப்படைக் குறையாகும்.

இம்முயற்சியின் வலிமை அமைப்பைப் பற்றிய பகுதியில் புலப்படுகிறது. சிவாஜியின் ஆட்சியில் ஒரு கோட்டையின் பொறுப்பு தனியொருவரிடம் விடப்படவில்லை. காவற்படைக்கு ஹவல்தார், கணக்கிற்கும் பதிவேட்டிற்கும் சப்னிஸ், தானியத்திற்கும் தளவாடங்களுக்கும் கார்கானிஸ் என மூன்று அதிகாரிகள், வெவ்வேறு சமூகங்களிலிருந்து, ஒருவரையொருவர் கண்காணிக்கும் வகையில் அமர்த்தப்பட்டனர். பணத்தைக் கையாள்பவரும் கணக்கை எழுதுபவரும் ஒருவராக இருக்கலாகாது என்று இன்றைய தணிக்கையியல் வலியுறுத்தும் உட்கட்டுப்பாட்டு நெறி, 17ஆம் நூற்றாண்டிலேயே கோட்டை நிர்வாகத்தில் செயல்பட்டதை இது காட்டுகிறது. அதுபோலவே, வருவாய் நிலத்தை மானியமாக வழங்கும் ஜாகீர் முறையைக் கூடியவரை தவிர்த்துக் கருவூலத்திலிருந்தே ஊதியம் அளித்ததும், அஷ்டப் பிரதான் எனப்பட்ட எண்மர் அமைச்சர் குழுவின் பதவிகளைப் பரம்பரை உரிமையாக்காததும், பணியாளரின் பற்று குறுநிலத் தலைவரிடமன்றி அரசிடமே நிலைக்க வழி செய்தன.

பின்வாங்கும் முடிவும் ஆராயத்தக்கது. 1665இல் முகலாயத் தளபதி ஜெய்சிங்குடன் செய்துகொண்ட புரந்தர் உடன்படிக்கையில் 23 கோட்டைகளை விட்டுக்கொடுத்து 12 கோட்டைகளைத் தக்கவைத்துக்கொண்ட சிவாஜி, 1670இல் தொடங்கிய படையெடுப்புகளால் இழந்தவற்றில் பெரும்பாலானவற்றை மீட்டார். இழப்பின் அளவைத் தாமே வரையறுத்துக்கொண்டு மீண்டெழும் வலிமையைக் காப்பது எந்த நிறுவனத்திற்கும் பொருந்தும் படிப்பினையே.

சாகசப் பகுதியின் நிலை வேறு. 1659இல் பிரதாப்கட் அடிவாரத்தில் பிஜாப்பூர்த் தளபதி அப்சல்கானை நேருக்கு நேர் சந்தித்து வீழ்த்தியதும், 1666இல் ஆக்ராவில் முகலாயரின் காவலிலிருந்து தப்பியதும் துணிவான இடர்ஏற்புக்கு உதாரணங்களாகக் காட்டப்படுகின்றன. ஆனால் அதே துணிவுடன் இறங்கி அழிந்த சிற்றரசர்களைப் பற்றி எவரும் பாடம் எழுதுவதில்லை. வென்றவர்களை மட்டும் நோக்கி வெற்றிக்குக் காரணம் கற்பிக்கும் இந்தத் தேர்வுப் பிழையால், தற்செயலும் எதிரியின் தவறும் மன்னரின் திறமையாகவே கணக்கிடப்படுகின்றன.

மேலும், அரசும் நிறுவனமும் ஒரே வகையான அமைப்புகள் அல்ல. அண்டை நாடுகளின் வருவாயில் நான்கில் ஒரு பங்காகப் பெறப்பட்ட சௌத், 1664இலும் 1670இலும் சூரத் நகரில் நடந்த கொள்ளை ஆகியவை அக்காலப் போர்ப் பொருளாதாரத்தின் கூறுகள். வாடிக்கையாளரின் விருப்பத்தையும் சட்டத்தையும் சார்ந்து இயங்கும் நிறுவனத்திற்கு அவற்றை நிதித்திறமையின் முன்மாதிரியாகக் காட்டுவது அறமுமன்று, பயனுமன்று.

பெரும்பாலும் பேசப்படாத பாடம் வாரிசுரிமையைப் பற்றியது. 1680இல் சிவாஜி மறைந்தபோது அரியணை யாருக்கு என்பது உறுதிசெய்யப்படாதிருந்ததால், அமைச்சர்களுள் சிலர் இளைய மகன் ராஜாராமை முன்னிறுத்த, மூத்த மகன் சம்பாஜி அவர்களை அடக்கியே ஆட்சியைக் கைப்பற்ற நேர்ந்தது. பிற்காலத்தில் நிலமானியங்கள் திரும்பின. பேஷ்வா எனப்பட்ட தலைமை அமைச்சர் பதவியே பரம்பரைச் சொத்தாயிற்று. நிறுவியவரின் நேரடிக் கண்காணிப்பில் நன்கு இயங்கிய விதிகள் அவருக்குப் பின் அதே உறுதியுடன் காக்கப்படவில்லை. எனினும் 1677இல் அவர் கைப்பற்றிய தமிழகத்தின் செஞ்சிக் கோட்டை, 1689இல் தாயகத்தை விட்டு வெளியேறிய ராஜாராமுக்குப் புகலிடமாகி, 1698இல் வீழும்வரை முகலாயப் பெரும்படையைத் தடுத்து நிறுத்தியது. அரசைக் காத்ததில் முன்பே அமைத்த தளத்திற்குரிய பங்கை இது உணர்த்துகிறது.

ஆகவே, இவ்வகைப் பாடங்களை முற்றிலும் ஏற்பதும் முற்றிலும் தள்ளுவதும் பொருந்தா. பொறுப்புப் பகிர்வு, ஊதிய ஒழுங்கு, அளவறிந்த பின்வாங்கல் ஆகியவை கற்கத்தக்கவை. சாகசங்கள் போற்றத்தக்கவை, ஆனால் பின்பற்றத்தக்க நெறிகள் அல்ல. வாரிசுரிமையில் நேர்ந்த தோல்வியோ வெற்றிகளுக்கு நிகராகப் பயிலத்தக்கது. மன்னரின் புகழை மட்டும் கற்பித்து அவர் ஆட்சியின் குறைகளை மறைக்கும் நூல் மேலாண்மை நூலாகாது.