ஊர்மன்றமும் அதன் சுவரும்

நீதி வழங்கும் கட்டிடத்தை மதிப்பிடப் புகுவோர் பெரும்பாலும் அதன் உயரத்தையும் தூண்களையும் அளந்து அமைவர். அதனுள் அமர்ந்திருப்போரைக் கட்டுப்படுத்தும் விதி எங்கே எழுதப்பட்டுள்ளது, அதனைப் படிக்கவல்லார் யாவர் என வினவுவோர் சிலரே. இவ்விரு வினாக்களையும் அளவுகோலாகக் கொண்டு பழந்தமிழ் ஊர்மன்றம் ஒன்றை ஈண்டு ஆராய்வோம்.

காஞ்சிபுர மாவட்டத்து உத்தரமேரூரில் வைகுந்தப் பெருமாள் கோயில் என இன்று வழங்குவது, பண்டு அவ்வூர்ச் சபையார் கூடிய மண்டபமாகும். அதன் கருங்கற் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளுக்குரிய (கி. பி. 919, 921) சாசனங்கள் இரண்டு உள்ளன. 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்ட அவ்வூரின் வாரியங்களுக்குக் குடவோலை வழியே உறுப்பினரைத் தெரிந்தெடுக்கும் முறையை அவை விதிக்கின்றன. குடத்தை யாவரும் காணத் தூக்கிக் காட்டல் வேண்டும். உள்ளிருப்பது அறியாத சிறுவனே ஓலையை எடுத்தல் வேண்டும். அதனை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்றல் வேண்டும். முன்பு பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவனும் அவனுடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். ஏரியும் பொன்னும் காத்ததோடு ஊர் வழக்குகளைத் தீர்த்தலும் அக்காலச் சபைகளின் கடமையாயிருந்தமையின், இவ்விதிகளின் கடுமை வியப்புக்குரியதன்று.

இம்மண்டபத்தைக் குடியாட்சியின் தொட்டில் எனப் புகழ்வாருடன் நாம் முற்றும் உடன்படுதல் இயலாது. கால்வேலி இறைநிலமும் சொந்த மனையும் வேதப் பயிற்சியும் உடைய ஆடவர்க்கே அங்கு இடமிருந்தது. உழுவோரும் பெண்டிரும் மன்றத்தின் புறத்தே நின்றனர். இக்குறையை மறைத்துப் பாராட்டுவது வரலாறாகாது. எனினும் ஒரு சிறப்பை மறுத்தற்கில்லை. முதற் சாசனம் வகுத்த வயதெல்லை 30 முதல் 60 வரை. ஈராண்டின் பின் அது 35 முதல் 70 வரை என மாற்றப்பட்டது. பழைய விதியும் அழிக்கப்படவில்லை. தாம் திருத்திக்கொண்டதையும் கல்லில் வெட்டி, ஊர் காண விட்டுச்சென்ற சபை அது. அம்மண்டபத்தின் உண்மை அழகு இதுவே என்பது எம் கருத்து.

இனி, 1892இல் திறக்கப்பட்ட சென்னை உயர்நீதிமன்றத்தை நோக்குக. இந்தோ-சரசனிக் பாணியில் எழுந்த அச்செங்கட்டிடத்தின் கோபுரத்தில் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கம் எரிந்தது. துறைமுகத்தில் வாழும் நமக்கு அக்காட்சி இனிது. ஆயினும், தூரத்துக் கப்பலுக்கு வழிகாட்டிய அம்மாளிகையின் நடவடிக்கை மொழி இன்றும் ஆங்கிலமே. வாயிலில் நிற்கும் உழவனுக்கு அவ்வொளி எட்டியதா என்பது வினாவாகவே நிற்கிறது.

நம் திருக்கோணமலையும் இவ்வினாவுக்குப் புறம்பானதன்று. இம்மாவட்டத்துக் கந்தளாயில் இராசராசச் சதுர்வேதிமங்கலம் விளங்கியதையும், பெருங்குறிப் பெருமக்கள் என்னும் அதன் சபையாரையும் சோழர்காலக் கல்வெட்டு அறிவிக்கின்றது. பின்னர்ப் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து 1624இல் கோட்டை கட்டியபோது, படிக்கப்படுதற்கென எழுதிய தமிழ்க் கல்லும் சுமைதாங்கும் கல்லாயிற்று. மீன் சின்னத்தோடு அதனைக் கோட்டை வாயிலில் காணலாம். 1833ஆம் ஆண்டு நீதிச் சாசனத்தால் இலங்கையில் மாவட்ட நீதிமன்றங்கள் அமைந்தன; அவற்றின் மொழி ஆங்கிலம். 1961ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களத்தை நீதிமன்ற மொழியாக்கிற்று. 1978ஆம் ஆண்டு யாப்பின் 24ஆம் உறுப்புரை வடக்குக் கிழக்கின் முதனிலை நீதிமன்றங்களில் தமிழுக்கு இடமளித்தது. கல்லில் தொடங்கிய மொழி மன்றத்துள் மீண்டும் நுழைய எத்துணைக் காலம் சென்றது!

சட்டத்தில் இடம்பெற்றது கைக்கு வந்து சேர்தல் வேறு. தமக்கு விளங்காத மொழியில் வந்த அரச கடிதத்தை மடித்துக்கொண்டு, வாசித்துச் சொல்லுமாறு ஆசிரியன் வீட்டு வாயிலில் வந்து நிற்கும் முதியோரை யாம் பன்முறை கண்டுள்ளோம். குற்றவாளியைப் போல் அவர் தாழ்ந்த குரலில் பேசுவர். யாதொரு குற்றமும் அவர் செய்திலர்.

எனவே மாணவர்காள், நீதிமன்றம் ஒன்றைக் கடந்து செல்லுங்கால் அதன் முகப்பை வியந்து அமையாதீர். அதன் விதியை உங்கள் ஊரார் தாமே படித்தறியக் கூடுமோ எனக் கேளுங்கள். கதவு திறந்திருப்பினும், படித்தறிய மொழியில்லாதவனுக்கு அது சுவரேயாகும்.