மூவாமை இழந்த மக்கள்

சாவை வெல்ல வேண்டும் என்னும் வேட்கை பழமையானது. சாவா மருந்தைத் தேடிப் புறப்பட்டோர் கதை பல நாட்டு இலக்கியங்களிலும் உண்டு. அவற்றுள் பெரும்பாலானவை தேடியும் பெறாதவர் கதைகளே. பெற்றிருந்து பின்னர் இழந்தவர் கதை அவற்றினும் வேறானது. பெறாதவனுக்கு ஏக்கம் ஒன்றுதான் உண்டு. இழந்தவனுக்கோ ஏக்கத்துடன் ஒரு வினாவும் உண்டு. 'எம்மிடமிருந்து இதைப் பறித்தவர் யார்?' என்பதே அவ்வினா. ஓரினம் முழுவதும் இவ்வினாவைக் கேட்கத் தொடங்குமாயின், அதற்குக் கிடைக்கும் விடை அவ்வினத்தின் வரலாறாகவும் சமயமாகவும் அன்றாட வாழ்க்கை முறையாகவும் வளர்ந்துவிடும். அவ்விடை பிழையானதாக இருந்தால் என்ன ஆகும்?

இதனை விரிவாக ஆராயும் புனைவு ஒன்று, அச்சேறிய நாவலாக இன்றிக் கணினி விளையாட்டாக அமைந்துள்ளது. கனடா நாட்டின் எட்மன்டன் நகரைச் சார்ந்த பயோவேர் நிறுவனம் 2009ஆம் ஆண்டில் 'டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்' என்னும் விளையாட்டை வெளியிட்டது. அதன் தொடர்ச்சிகள் 2011, 2014, 2024 ஆகிய ஆண்டுகளில் வந்தன. இவற்றின் கதை நிகழும் உலகுக்குத் தெடாஸ் என்று பெயர். விளையாட்டு என்னும் சொல்லைக் கண்டு இதனைச் சிறுவர் பொழுதுபோக்கென ஒதுக்குதல் பொருந்தாது. உரையாடல்களும், ஆடுவோர் வழிநெடுகக் கண்டெடுத்துப் படிக்கும் ஏட்டுக் குறிப்புகளுமாக ஒரு பெருநாவலுக்கு வேண்டிய செய்திகள் இதனுள் நிரம்பியுள்ளன. ஆதலின் இலக்கியத்துக்குரிய அளவுகோலால் இதனை அளந்து பார்ப்பது தகும்.

பழங்கதையும் அதன் பயனும்

ஆங்கிலத்தில் எல்ஃப் எனப்படும் இனத்தாரை எல்வர் என்று ஈண்டுக் குறிக்கலாம். வடபுல ஐரோப்பிய மக்களின் பழங்கதைகளில் தோன்றிய இவர்கள், டோல்கியன் எழுதிய நூல்களுக்குப் பின்னர் உயர்ந்த, அழகிய, முதுமை அறியா இனத்தாராகப் புதுப்பிறவி எடுத்தனர். தெடாஸ் உலகின் எல்வர் அவ்வழி வந்தவர்களே. ஆனால் கதை தொடங்கும் காலத்தில் அவர்களிடம் அந்த முதுமையின்மை இல்லை. மனிதரைப் போலவே மூத்து மடிகின்றனர். ஒரு சாரார் நகரங்களில் மதில் சூழ்ந்த சேரிகளில் ஏவலராய் வாழ்கின்றனர். மற்றொரு சாரார் காடுகளில் வண்டிகளுடன் அலைந்து திரிகின்றனர். இப்பின்னவர்க்கு டேலிஷ் மக்கள் என்று பெயர்.

டேலிஷ் மக்கள் தம் இழப்புக்குச் சொல்லும் காரணம் இது. முன்னொரு காலத்தில் ஆர்லாத்தன் என்னும் திருநகரில் எல்வர் மூப்பின்றி வாழ்ந்தனர். அவர்களுக்கு எதிலும் விரைவு வேண்டியதில்லை. வாழ்ந்து சலித்த மூத்தோர் 'உத்தெனரா' என்னும் நெடுந்துயிலில் ஆழ்ந்து, கனவுலகில் உலவினர். பின்னர் மனிதர் வந்தனர். அவர்களோடு பழகிய எல்வரின் குருதி விரைந்து ஓடத் தொடங்கியது. முதன்முறையாக முதுமை தோன்றியது. அஞ்சிய எல்வர் மனிதரை விட்டு விலகினர். விலகலைப் பகைமை என்று கொண்ட டெவின்டர் பேரரசு படையெடுத்து ஆர்லாத்தனை அழித்து, எஞ்சியோரை அடிமைகளாக்கியது.

மனிதரைக் குறிக்க எல்வர் வழங்கும் 'ஷெம்லென்' என்னும் சொல்லுக்கு 'விரைவான பிள்ளைகள்' என்பது பொருள். ஒரு சொல்லிலேயே ஓரினத்தின் பார்வை முழுதும் அடங்கியிருப்பதைக் காணலாம். இரக்கம் கலந்து பிறந்த அச்சொல், கதை நிகழும் காலத்தில் வசைச் சொல்லாகத் தேய்ந்து கிடக்கிறது. சொற்பொருள் இழிந்த வரலாற்றையே இனவரலாறாக்கிக் காட்டிய திறம் பாராட்டத்தக்கது.

இப்பழங்கதை வெறும் நினைவாக நின்றுவிடவில்லை. மனிதரின் அண்மையே முதுமைக்குக் காரணம் என்றால், ஒதுங்கி வாழ்வதே மருந்தாகும். ஆகவே டேலிஷ் மக்கள் ஊர் அமைக்காமல் அலைகின்றனர். எல்வருக்கும் மனிதருக்கும் பிறக்கும் குழந்தை மனிதக் குழந்தையாகவே பிறப்பது அவர்களின் அச்சத்தை இருமடங்காக்குகிறது. நகரத்து எல்வரைத் தம்மினும் தாழ்ந்தவராகக் கருதும் மனப்பான்மையும் இதிலிருந்தே கிளைக்கிறது. இங்ஙனம், காரணம் என்று நம்பப்பட்ட ஒன்று சட்டமாகி, வேலியாகி, உறவுகளை அறுக்கும் வாளாகவும் ஆகிவிடுகிறது.

ஸாத்ரியன் என்னும் முதியவன்

2009ஆம் ஆண்டுக் கதையில் வரும் ஸாத்ரியன் இப்பொருளுக்கு ஒரு திறவுகோல். அவன் டேலிஷ் குழு ஒன்றின் தலைவன். பல நூற்றாண்டுகள் வாழ்ந்தவன். முன்னோரின் மூவாமையை அவன் மீண்டும் கண்டுவிட்டான் என்று குழுவினர் நம்பிப் பெருமிதம் கொள்கின்றனர். உண்மையோ வேறு. முன்னொரு நாள் மனிதர் சிலர் அவன் மகனைக் கொன்றனர். மகளைக் கொடுமைக்கு ஆளாக்கினர். அவள் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டாள். சீற்றம் கொண்ட தந்தை அம்மனிதரை ஓநாய் உருவினராக மாறுமாறு சபித்தான். அச்சாபம் நிலைக்கும் வரை அவன் உயிரும் நிலைக்கும். குற்றம் செய்தோர் மாண்டு பல தலைமுறைகள் கழிந்தும், குற்றமறியாத வழித்தோன்றல்கள் அச்சாபத்தைச் சுமக்கின்றனர். இறுதியில் அது அவனுடைய மக்களையே தாக்குகிறது.

மூவாமை என்று மக்கள் போற்றியது முடிவுறாத பழிவாங்கலே என்பதை இப்பகுதி ஆரவாரமின்றி உணர்த்துகிறது. ஸாத்ரியன் கொடியவன் அல்லன். அவனுக்கு நேர்ந்த தீங்கு மெய்யானது. அத்தீங்கை மறவாதிருக்க அவனுக்கு உரிமையும் உண்டு. ஆனால் மறவாமையால் வந்த துன்பத்தை அத்தீங்கைச் செய்யாதவரே நுகர்கின்றனர். சாபம் நீங்க வேண்டுமாயின் அவன் சாக உடன்பட வேண்டும். அவனை அவ்வழிக்கு இணங்கச் செய்யும் வாய்ப்பு ஆடுவோருக்கு உண்டு. இத்தொடரில் ஆழமான காட்சிகளுள் இதுவும் ஒன்று என்பதில் ஐயமில்லை.

கவிழ்ந்த வரலாறு

2014ஆம் ஆண்டில் வந்த 'இன்குவிசிஷன்' என்னும் தொடர்ச்சியில் பழங்கதையின் அடித்தளம் ஆட்டம் காண்கிறது. மித்தால் என்னும் தெய்வத்தின் கோயிலில் நெடுந்துயிலிலிருந்து எழுந்த காவலர் தலைவனை ஆடுவோர் சந்திக்கின்றனர். அவன் பெயர் அபேலாஸ். துயரம் என்பது அப்பெயரின் பொருள். ஆர்லாத்தனை மனிதர் அழிக்கவில்லை என்றும், எல்வர் தமக்குள் போரிட்டே அழிந்தனர் என்றும் அவன் கூறுகிறான். டெவின்டர் பேரரசு இடிபாடுகளைப் பொறுக்கியதே அன்றிக் கோட்டையை வீழ்த்தவில்லை.

2015இல் வெளிவந்த 'டிரெஸ்பாஸர்' என்னும் பிற்சேர்க்கை எஞ்சியதையும் சொல்லிவிடுகிறது. ஆடுவோருடன் தோழனாக வந்த சோலஸ் என்பவனே, டேலிஷ் மக்கள் வஞ்சகத் தெய்வம் என்று அஞ்சும் ஃபென்ஹாரெல். எல்வர் வணங்கும் தெய்வங்கள் உண்மையில் மந்திர ஆற்றல் மிக்க கொடுங்கோலர்கள். அவர்களைச் சிறையிட அவன் கனவுலகுக்கும் நனவுலகுக்கும் இடையே ஒரு திரையை எழுப்பினான். அத்திரை எல்வரைக் கனவுலகினின்று பிரித்தது. அப்பிரிவினாலேயே மூவாமை போயிற்று. அடிமைகளை விடுவிக்க எண்ணியவன் செய்த செயலே இனம் முழுவதையும் மூப்புக்கும் சாவுக்கும் ஆளாக்கியது.

இத்திருப்பத்தின் வலிமை கலைவடிவத்தைச் சார்ந்தது. நாவலைப் படிப்பவர் கதைமாந்தரின் அறியாமையை வெளியிலிருந்து பார்க்கிறார். இங்கோ ஆடுபவர் தாமே ஒரு டேலிஷ் எல்வராய்ப் பங்கேற்கக் கூடும். 2009இல் கேட்ட கதையை நம்பியவர், ஆண்டுகள் சில சென்றபின் அது பிழையென்று தம் சொந்த ஏமாற்றமாகவே உணர்கிறார். பழங்குறிப்புகள் அனைத்தும் யாரோ ஒருவர் வாய்மொழியாகவே முதலிலிருந்து தரப்பட்டமையால், பின்னர் வந்த மாற்றம் முரணாகவும் தோன்றவில்லை. இறந்தகாலம் நமக்குக் கிடைப்பது சொன்னவர் வாயிலாகவே என்னும் பாடத்தை வரலாற்று ஆசிரியர்கள் இதனினும் தெளிவாக விளக்குதல் அரிது.

பிற கதைகளோடு ஒப்பிடின்

டோல்கியனின் எல்வர், உலகம் உள்ளளவும் உலகோடு கட்டுண்டவர்கள். அவர் கதையில் சாவு மனிதருக்கு இறைவன் அளித்த கொடை. லூத்தியன் என்னும் எல்வர் மங்கை, மனிதனாகிய பேரனைக் காதலித்து, அவனோடு சாகும் உரிமையைத் தானே விரும்பி ஏற்றாள். ஆக்ஸ்போர்டில் டோல்கியனும் அவர் மனைவியும் துயிலும் கல்லறையில் இவ்விரு பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. அக்கதை அவருக்கு எத்துணை நெருக்கமானது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

அமெரிக்க நாட்டின் பிளிசார்டு நிறுவனம் 2002இல் வெளியிட்ட மூன்றாம் 'வார்கிராஃப்ட்' விளையாட்டில் இரவு எல்வர் என்போர் வருகின்றனர். அவர்களின் மூவாமை உலகமரம் ஒன்றோடு பிணைந்தது. உலகை அழிக்க வந்த பகைவனை வீழ்த்த, மரத்தின் ஆற்றலையே அவர்கள் ஈகம் செய்கின்றனர். மூவாமையும் அதனோடு போகிறது.

முன்னது காதலால் விட்டது. பின்னது கடமையால் கொடுத்தது. இரண்டிலும் இழந்தோர் அறிந்தே இழக்கின்றனர். ஆதலின் அவர்கள் துயரில் பெருமை உண்டு. தெடாஸ் எல்வர்க்கு அப்பெருமை இல்லை. அவர்களை எவரும் கேட்கவில்லை. காரணமும் பல நூற்றாண்டுகள் மறைந்திருந்தது. கேளாது பறிக்கப்பட்டோரின் துயரம் என்பதால், இம்மூன்றனுள் நாம் வாழும் உலகுக்கு அணித்தாக நிற்பது இதுவே.

குறையும் நிறையும்

இக்கதையில் குறை இல்லாமல் இல்லை. 2014க்குப் பின் டேலிஷ் மக்களின் நம்பிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பொய்க்கின்றன. அவர்கள் முகத்தில் பச்சை குத்திக்கொள்ளும் கோலம், பண்டைய எல்வர் தம் அடிமைகளுக்கு இட்ட குறி என்கிறான் சோலஸ். ஆனால் மனிதர் வழிபடும் இறைவன் உண்டா இல்லையா என்பதை 2009, 2014ஆம் ஆண்டுக் கதைகள் இரண்டும் முடிவு செய்யாமல் விட்டுவைக்கின்றன. ஒடுக்கப்பட்டோரின் நம்பிக்கை மட்டும் ஏன் இத்துணைக் கடுமையாகச் சோதிக்கப்பட வேண்டும்? ஒடுக்கியோர்க்கு ஐயத்தின் நிழல்; ஒடுங்கியோர்க்கு உண்மையின் சுடுவெயில். இது நடுநிலை ஆகாது.

மற்றொரு தடையும் எழும். வீழ்ச்சிக்கு எல்வரே காரணம் என்றால், டெவின்டர் பேரரசின் பழி குறைந்துவிடுமோ? குறையாது என்பதே சரியான விடை. மூவாமை போனது எவ்வாறாயினும், வீழ்ந்தவரை விலங்கிட்டது மனிதர் செயலே. பின்னர் அவர்களுக்கு அளித்த டேல்ஸ் நாட்டைச் சமயப் போரால் பறித்துக்கொண்டதும் மனிதரே. நகரத்துச் சேரிகளுக்கு மதில் எழுப்பியதும் அவர்களே. முதல் காரணத்தை அறிந்தமையால் பின் நிகழ்ந்த கொடுமைகள் இல்லையென்று ஆகிவிடா. இவ்வேறுபாட்டை இன்னும் அழுத்தமாகச் சொல்லியிருந்தால் கதை மேலும் சிறந்திருக்கும்.

எனினும், பச்சைக்கோலப் பகுதியில் ஆசிரியர்கள் ஒரு நுட்பத்தைத் தவறவிடவில்லை. அச்செய்தி, சோலஸின் காதலுக்குரிய எல்வர் பெண்ணிடம் தனிமையில் சொல்லப்படுகிறது. கோலத்தை அழித்துவிடவும் அவன் முன்வருகிறான். அவள் இசையலாம், மறுக்கவும் செய்யலாம். அடிமைக் குறியாகப் பிறந்தது, இனி எவர்க்கும் பணியோம் என்னும் சூளுரையின் அடையாளமாகப் பல தலைமுறைகள் அணியப்பட்டுள்ளது. ஒரு மரபின் பொருளை அதன் பிறப்பு மட்டும் முடிவு செய்வதா, அதைச் சுமந்தோரின் வாழ்வும் முடிவு செய்வதா? கதை விடை கூறவில்லை. முடிவை அவளிடமே விட்டுவிடுகிறது.

மீட்பின் விலை

சோலஸ் திரையைக் கிழித்துப் பழைய உலகை மீட்க எண்ணுகிறான். மீண்டால் மூவாமையும் மீளும். ஆனால் இப்போது வாழும் உலகம் அழியும். தொடக்கத்தில் இன்றைய எல்வரை அவன் மெய்யான மக்களாகவே கருதவில்லை. அவர்களோடு பழகியபின், தன் எண்ணம் தவறென்று உணர்ந்தும் திட்டத்தைக் கைவிட அவனால் இயலவில்லை. பிழையைத் திருத்துவதற்காக அதனினும் பெரும்பிழை செய்யத் துணிகிறான்.

ஸாத்ரியனும் சோலஸும் ஒரே அச்சில் வார்த்த மாந்தர் என்பது இவ்விடத்தில் புலனாகும். இருவரும் நெடுநாள் வாழ்ந்தவர்கள். இருவர்க்கும் உள்ளத்தில் பழைய புண் உண்டு. அப்புண்ணுக்கு மருந்திட, அதற்குத் தொடர்பில்லாத உயிர்களை இருவரும் விலையாகக் கேட்கின்றனர். 2024இல் வந்த கதையின் முடிவில் திரை கிழியவில்லை. அதனைத் தாங்கி நிற்கும் பொறுப்பு சோலஸின் உயிரோடு பிணைக்கப்படுகிறது. எல்வர்க்கு மூவாமை திரும்பவில்லை.

அவ்வாறு திரும்பாமையே கதைக்கு உரிய முடிவு. நகரத்துச் சேரிகளில் எல்வர் ஒரு மரத்தைப் போற்றி வளர்க்கின்றனர். அது ஆர்லாத்தனின் நினைவாக நிற்பது. ஏன் போற்றுகிறோம் என்பதை அவர்களில் பலர் மறந்துவிட்டனர். ஆயினும் அம்மரத்தின் நிழலில் திருமணம் நடக்கிறது, குழந்தைகள் ஆடுகின்றனர். ஆர்லாத்தனில் உறங்கிய மூத்தோருக்கு இவை எல்லாம் ஒரு நொடிப்பொழுது. அந்நொடியில் வாழ்பவர்க்கோ அதுவே முழு வாழ்வு. இழந்ததற்காக அழும் உரிமை அவர்களுக்கு உண்டு. அவர்களை அழித்து இழந்ததை மீட்கும் உரிமை எவர்க்கும் இல்லை.