சமவெளிக்காரன் படித்த மலைபடுகடாம்

கும்பகோணம் பக்கத்து ஆட்களுக்கு மலை என்றால் சுவாமிமலைதான். அதுவும் மலை இல்லை, கட்டுமலை. அறுபது தமிழ் வருஷத்துக்கு அறுபது படி என்று சின்ன வயதில் எண்ணிக்கொண்டே ஏறுவோம். பாதியில் எங்கேயோ கணக்கு விட்டுப்போகும். அதைவிட உயரம் வேண்டுமானால் தென்னைமரம். காவிரிக் கரையையே ‘மேடு’ என்று சொல்லி வளர்ந்த ஆள் நான். பத்துப்பாட்டில் மலையேற்றத்தை இவ்வளவு விரிவாகச் சொல்லும் வேறு பாட்டு இல்லை. அதைப் பற்றி இப்படிப்பட்ட ஒருவன் எழுதலாமா என்று கேட்டால், எழுதலாம் என்றுதான் சொல்வேன். காரணம் இருக்கிறது.

1889-இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு முதலில் அச்சில் கொண்டுவந்த உ.வே.சாமிநாதையர் பாபநாசம் பக்கத்து உத்தமதானபுரத்துக்காரர். அப்போது கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்கள் வரும் பகுதியில் சில பெயர்கள் ஏட்டில் இல்லாமல் போய், அவர் தேடித்தேடி அலைந்தார். கடைசியில் கிடைத்தது மாயவரத்துக்குப் பக்கத்தில், தருமபுரம் ஆதீனத்து ஏட்டில். மலைப்பூவின் பெயரை நெல்வயலுக்கு நடுவே இருக்கும் மடம் பத்திரப்படுத்தி வைத்திருந்தது! ஆக, மலைப்பாட்டுகளைக் காப்பாற்றிக் கொடுத்ததில் சமவெளிக்கும் பங்கு உண்டு. படித்ததில்தான் கோளாறு என்பது என் கட்சி.

மலைபடுகடாம் 583 அடி. பத்துப்பாட்டில் மதுரைக்காஞ்சிக்கு அடுத்து நீளமானது. இன்னொரு பெயர் கூத்தராற்றுப்படை. பாடியவர் இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். பாட்டுடைத் தலைவன் செங்கண்மாவை, அதாவது இன்றைய செங்கத்தை ஆண்ட நன்னன் சேய் நன்னன். பரிசு வாங்கித் திரும்பும் ஒரு கூத்தன் எதிரே பசியோடு வரும் இன்னொரு கூட்டத்துக்கு வழி சொல்கிறான். இவ்வளவும் எந்த நோட்ஸிலும் இருக்கும். கல்லூரியில் எங்களுக்கு இதிலிருந்து கேட்ட கேள்விகள் இரண்டே: பாட்டில் வரும் இசைக்கருவிகளின் பெயர்களை எழுதுக, மலையில் எழும் ஓசைகளைத் தொகுத்து எழுதுக. பட்டியலை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கினேன். இது நடப்பதற்கான பாட்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தோன்ற வைத்தது என் மாமா. முப்பது வருஷம் பள்ளிக்கூடத் தமிழாசிரியர், பாபநாசம் பக்கம். ரிட்டையர் ஆகி மூன்று வருஷம் கழித்து ஒருநாள் போன் பண்ணி, “நவிரமலைக்குப் போலாமாடா?” என்றார். பாட்டில் காரியுண்டிக் கடவுள் இருப்பதாகச் சொல்லப்படும் நவிரமலை, இன்றைய பர்வதமலைதான் என்று பலரும் அடையாளம் காட்டுகிறார்கள். திருவண்ணாமலை மாவட்டம், கலசபாக்கம் பக்கம். ஏறத்தாழ 4,500 அடி உயரம். உச்சியில் மல்லிகார்ச்சுனர் கோயிலும் தங்குவதற்கு மடமும் உண்டு. வசதி என்று பெரிதாக எதையும் எதிர்பார்க்க முடியாது. தரை, கூரை, குளிர்காற்று, யாராவது போட்ட கஞ்சி. தென்மாதிமங்கலம், கடலாடி என்று இரண்டு பக்கமும் வழி. முதலில் படி, பிறகு காட்டுப்பாதை, கடைசியில் பாறையில் அடித்த கடப்பாறைகளும் சங்கிலியும்.

நான் பௌர்ணமி ராத்திரியில் ஏறலாம் என்றேன், எல்லாரும் அப்படித்தான் ஏறுகிறார்கள் என்று.

“விடிஞ்சப்புறம்தான். பாட்டுல என்ன சொல்லியிருக்கு? பன்னிக்கு வச்ச அடார் இருக்கும், ராத்திரி போகாதேன்னு.”

“இப்ப அடார் எங்க மாமா இருக்கு?”

“பாம்பு இருக்கும்ல? அதுவும் பாட்டுல இருக்கு.”

சும்மா நாளில், விடிந்த பிறகே ஏறினோம். அந்த ஏற்றத்தில்தான் பாட்டின் அமைப்பு எனக்குப் பிடிபட்டது.

முதல் விஷயம், சுமை. பாட்டு தொடங்குவதே மூட்டை கட்டுவதில். முழவு, ஆகுளி, தூம்பு, குழல், பதலை என்று கருவிகளைப் பையில் போட்டு, காய்த்துத் தொங்கும் பலாக்கொத்து மாதிரி சமமாகக் கட்டித் தூக்குகிறார்கள். பரீட்சையில் இது ‘பழந்தமிழர் இசைக்கருவிகள்’. முதுகில் பத்து கிலோவோடு ஏறினால் இது முதல் பிரச்சினை. அதன் பிறகு பாட்டு அந்த மூட்டையை மறக்கவே மாட்டேன் என்கிறது. காரியுண்டிக் கடவுளைக் கும்பிட்டுவிட்டுச் சட்டென்று போங்கள், அங்கே வாத்தியத்தில் கை வைக்காதீர்கள், மழை கொட்டுகிற இடம் என்கிறான். பக்தி ஒரு பக்கம், தோல் நனைந்தால் முழவு என்னாவது என்ற கவலை ஒரு பக்கம் என்று நான் வாசிக்கிறேன். இடுக்கு வழியில் யாழின் பத்தரையும் முழவின் கண்ணையும் பார்த்துக்கொள்ளுங்கள், பிடித்த கையை விடாமல் மெதுவாகப் போங்கள் என்கிறான். முதலில் கொடுத்த பட்டியல் வெறும் பட்டியல் இல்லை. அந்தச் சுமை கடைசி வரை கூடவே ஏறுகிறது.

இரண்டாவது, கண்ணை எங்கே வைப்பது என்பது. வழி வேடிக்கை நிறைந்தது. மயில் ஆடும், குரங்கு தாவும், நெடிய மலைச்சரிவில் தேன்கூடு தொங்கும். இங்கே கூத்தன் சொல்வது, பார்க்காதீர்கள் என்று! வரிசையாகப் போகிறவர்களின் கால் தடம் மாறிவிடும். மலையழகை வருணிக்கும் கவிஞனே, நடக்கும்போது அழகைப் பார்க்காதே என்கிறான். பின்னால் ஓரிடத்தில் நீர்வீழ்ச்சி, குறவர் கூச்சல், புலி அடித்த கணவனின் புண்ணுக்குக் கொடிச்சி பாடும் பாட்டு, தவறி விழுந்த குட்டிக்காக மந்திக் கூட்டம் போடும் அலறல், கரும்பாலைச் சத்தம் என்று ஓசைகளை ஐம்பது அடிக்கு மேல் அடுக்குகிறான். அது ஏன் காட்சியாக இல்லாமல் ஓசையாக இருக்கிறது என்பது எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. பர்வதமலையில் கண் முழுக்கக் காலடியில்தான் இருந்தது. மலை காது வழியாகத்தான் உள்ளே வந்தது. மலையை யானையாகவும் அதில் பிறக்கும் ஓசையை அதன் மதமாகவும் கொண்டு நச்சினார்க்கினியர் தலைப்புக்குச் சொல்லும் விளக்கம் அழகானது, அதில் சண்டை இல்லை. ஆனால் அது மலையைத் தள்ளி நின்று பார்க்கிறவரின் விளக்கம். ஏறுகிறவனுக்கு அந்த ஓசை வேறு.

நச்சினார்க்கினியர் இல்லாவிட்டால் இந்தப் பாட்டில் பாதி எனக்கு விளங்காது. அதைச் சொல்லிவிட்டுத்தான் குறை சொல்ல வேண்டும். ஓரிடத்துச் சொல்லை எடுத்து எங்கோ தள்ளியிருக்கும் சொல்லோடு மாட்டிப் பொருள் சொல்வது அவர் வழக்கம். முல்லைப்பாட்டு, பட்டினப்பாலை ஆராய்ச்சியுரைகளில் மறைமலையடிகள் இதைக் கடுமையாக மறுத்தார். அடிகளின் வாதம் பாவின் இயல்பான ஓட்டம் பற்றியது. மலைபடுகடாத்தில் இன்னொரு காரணமும் உண்டு. வழி சொல்வதில் வரிசைதான் உயிர். முதலில் பள்ளம், அப்புறம் பாசிப்பாறை, அப்புறம் மடு என்றால் அதே வரிசையில் சொல்ல வேண்டும். சொல்லை இடம் மாற்றினால் வாக்கியம் நேராகலாம், நடக்கிறவன் நடுவில் விழுவான்.

ஒப்புக்கு எங்கள் ஊர் ஆற்றுப்படையைப் பாருங்கள். கரிகாலனைப் பாடும் பொருநராற்றுப்படை 248 அடி. அதில் வழி என்று ஒன்று இருக்கிறதா? பசி இருக்கிறது, விருந்து இருக்கிறது, பட்டு, தேர், யானை எல்லாம் இருக்கிறது. கடைசியில் காவிரி நாட்டின் விளைச்சலைப் பேசி, வேலிக்கு ஆயிரம் கலம் என்ற கணக்கோடு முடிகிறது. வேலி என்றால் ஆறே முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு, எங்கள் தாத்தா காலம் வரை அந்தக் கணக்குதான். சோழநாட்டில் வழி தப்பினால் என்ன ஆகிவிடும்? வரப்பிலேயே நடந்தால் ஏதோ ஓர் ஊர் வரும், ஒரு திண்ணை இருக்கும். அதனால் அந்தக் கவிஞருக்கு வழியைச் சொல்லவேண்டிய அவசியமே வரவில்லை. எங்கள் வாத்தியார்கள் மலைபடுகடாத்தையும் அதே கண்ணோடு படித்தார்கள் என்று நினைக்கிறேன். வழியைத் தாண்டிக் குதித்து நன்னனின் கொடைக்குப் போய்விட்டார்கள். பாட்டிலேயே சுமாரான பகுதி அதுதான், என் கருத்தில். அரண்மனை வாசலில் குவிந்த காணிக்கைப் பொருள்கள் கொஞ்சம் சுவாரசியம். மற்றபடி எந்த மன்னனுக்கும் பொருந்தும் புகழ்ச்சி.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதை மாமாவே ஏறும்போது சொன்னார், மூச்சு வாங்கிக்கொண்டு. “இவ்வளவு ஆபத்தையும் ஏன் சொல்றான்? நன்னன் மலைக்குள்ள எதிரி நுழைய முடியாதுன்னு காட்டத்தான். வழியும் புகழ்ச்சிதான்டா.” நல்ல வாதம். பறந்து வரும் கவண்கல்லும் முதலை கிடக்கும் மடுவும் ஓர் அரசனுக்குப் பெருமை சேர்க்கும்தான். ஆனால் பாட்டில் ஓரிடம் இந்த வாதத்துக்குள் அடங்கவில்லை. வழி பிரியும் இடங்களில், புதிதாக வருகிறவர் தப்பான பக்கம் போகாதபடி, சந்தைக் கையால் துடைத்துச் சுத்தம் செய்து புல்லை முடிச்சுப் போட்டு வையுங்கள் என்று கூத்தன் சொல்கிறான். இது நன்னனுக்கு எதற்கு? அரண் பெருமை பேசுகிறவன் எதிரிக்கும் உதவக்கூடிய அடையாளத்தை வைக்கச் சொல்வானா? பின்னால் வரும் பெயர் தெரியாத கூத்தனுக்கு, பசியோடு வருகிற இன்னொரு கூட்டத்துக்குச் செய்யும் வேலை அது. பரிசு வாங்கப் போட்டி போட வேண்டியவர்கள்தான் அவர்களும். மாமா பதில் சொல்லவில்லை. தண்ணி குடித்தார்.

கடப்பாறைப் பகுதிக்கு வந்ததும் மாமாவின் முட்டி முடியாது என்றுவிட்டது. முப்பது வருஷம் வகுப்பில் ஏறிய மலை. கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். “நீ போய்ட்டு வா. மேல எப்படி இருக்குன்னு சொல்லு, போதும்.” வற்புறுத்த வாய் வந்தது, அவர் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன். சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். உச்சியில் காற்று. மடத்துத் திண்ணையில் ஒரு பெரியவர் எதுவும் கேட்காமல் தட்டை நீட்டினார், சூடான பொங்கல். பாட்டில் குறவர் சிற்றூருக்குப் போகும் இடம் நினைவுக்கு வந்தது. உங்கள் வீட்டுக்குள் போவது மாதிரிப் போங்கள், உறவுக்காரர் போல உபசரிப்பார்கள் என்பான் கூத்தன். மூங்கில் குழாயில் முதிர்ந்த தேன்கள், உடும்புக்கறி, பலாக்கொட்டை மாவும் புளியும் மோரும் கலந்த உலையில் வெந்த மூங்கிலரிசி. இங்கே பொங்கல். சாப்பிடும்போது மாமா சாப்பிட்டிருப்பாரா என்ற நினைப்பு.

இறங்கும்போது அவரை விட்ட இடத்தில் ஆளைக் காணோம். நிழல் தேடி உள்ளே போயிருக்க வேண்டும். போனில் சிக்னல் இல்லை. நான் கத்திக்கொண்டே அந்த இடத்தைத் தாண்டிக் கீழே போய்விட்டேன். பாதை ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்தது. அம்புக்குறி மாதிரி ஒரு பெயிண்ட் பூச்சு, எந்தப் பக்கம் காட்டுகிறது என்று தெரியாத அளவுக்கு வெளுத்திருந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது. அப்போது மேலே எங்கோ டங் டங் என்று ஒரு சத்தம். நின்று நின்று, ஒரே தாளத்தில். ஏறிப் போய்ப் பார்த்தால் அகலமான பாறை ஒன்றின் மேல் மாமா உட்கார்ந்து எவர்சில்வர் டிபன் பாக்ஸைக் கல்லால் தட்டிக்கொண்டிருக்கிறார்.

“நீங்க கத்தியிருக்கலாமே?”

“தொண்டை எவ்ளோ நேரம் தாங்கும்? குறவரே மலைச்சுப் போற இடத்துல மாட்டிக்கிட்டா நடக்காதே, அகலப் பாறையில உக்காந்து வாத்தியத்தைத் தட்டுன்னு சொல்லியிருக்கானே. சத்தத்தைக் கேட்டுக் காவக்காரன் பழத்தோட வருவான்னு. நீ வெறுங்கையோட வந்திருக்க.”

பையில் மடத்துப் பொங்கல் ஒரு பொட்டலம் இருந்தது. கொடுத்தேன்.

2018 குரங்கணித் தீக்குப் பிறகு மலையேற்றத்துக்கு அரசு விதிகள் வந்தன. வழி தப்பினால் அலையாதே, ஓரிடத்தில் நில், சத்தம் கொடு என்று இன்று எந்த வழிகாட்டியும் சொல்வார். இதையெல்லாம் அன்றே சொன்னோம் என்று மார்தட்ட இதை எழுதவில்லை, அந்தப் பேச்சு எனக்கு அலுத்துவிட்டது. நடந்து பார்த்த ஒருவரின் அறிவு இந்த அடிகளில் இருக்கிறது, அது பெருங்கௌசிகனாரின் சொந்தக் கால் அறிவா, குறவரிடம் கேட்டறிந்ததா என்பதுதான் என் கேள்வி. குறவருக்கே மலைப்பு வரும் இடம் எது என்று குறவர்தானே சொல்லியிருக்க முடியும்?

இன்னொன்றும் உறுத்துகிறது. பாட்டில் இறக்கம் இல்லை. முட்டி போவது இறங்கும்போதுதான் என்று பர்வதமலை ஏறிய யாரும் சொல்வார்கள். வழி சொல்கிறவனோ நன்னனிடமிருந்து திரும்பி வருகிறவன், பரிசுச் சுமையோடு அத்தனையையும் கடந்தவன். அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. மாமாவிடம் இதைச் சொன்னபோது நாங்கள் கடலாடி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தோம். முட்டியில் துண்டைக் கட்டியபடி, “சொன்னா எவன் ஏறுவான்?” என்றார்.