நைட் ஷிஃப்டும் .315 ரைஃபிளும்

நெய்வேலியில் பூட்டிய குவார்ட்டர்ஸ் ஒன்றில் திருட்டு நடந்துவிட்டால், சில நாட்களுக்கு டவுன்ஷிப்பின் அந்த வட்டத்தில் துப்பாக்கிப் பேச்சு கிளம்பும். லைசென்ஸ் எடுத்து வீட்டில் ஒரு ரைஃபிள் வைத்துக்கொண்டால் என்ன என்று ஒருவர் ஆரம்பிப்பார். பட்டாளத்தில் இருந்துவந்தவர் யாராவது பக்கத்தில் இருந்தால் .315 நல்லதா, 12 போர் நல்லதா என்று பேச்சு நீளும்.

கேட்பதில் தப்பில்லை, சட்டமே இதற்கு இடம் தருகிறது. இரவில் வீட்டை உடைத்துப் புகுந்தவனிடமிருந்து காத்துக்கொள்ளும்போது அவன் உயிர் போனாலும் குற்றமாகாது என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 41-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 37-ஆம் பிரிவு அதற்குக் கடிவாளம் போடுகிறது. தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது. போலீசை அழைக்க நேரம் இருந்தால் தற்காப்பு உரிமையே கிடையாது. தோட்டச் சுவர் ஏறிக் குதித்து ஓடுகிறவன் முதுகில் சுட்டுவிட்டுத் தற்காப்பு என்று வாதாடுவது கடினம்.

எந்தத் துப்பாக்கி என்ற கேள்விக்கும் சட்டத்திலேயே பாதி விடை இருக்கிறது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, தற்காப்புக்காக 20 அங்குலத்துக்குக் குறையாத, உட்புறம் வழவழப்பான குழல் உள்ள துப்பாக்கியைக் கேட்பவருக்கு, தகுதிக் குறை இல்லையென்றால், உரிமம் தரச் சொல்கிறது. நம் 12 போர் இரட்டைக்குழல் அந்த வகை. ரைஃபிள் கேட்டால் தகுந்த காரணம் இருக்கிறது என்று அதிகாரி திருப்திப்பட வேண்டும். இதைச் சிலர் அரசின் சந்தேகப் புத்தி என்பார்கள். எனக்கு இது நல்ல யோசனையாகவே படுகிறது.

காரணம் தோட்டாவில் இருக்கிறது. .303 ராணுவத் தோட்டா என்பதால் பொதுமக்களுக்குத் தடை. அதனால் அவர்களுக்கென இஷாப்பூர் தொழிற்சாலை செய்வது .315. அதன் ஒற்றைக் குண்டு கனமானது. குறி தவறினால் மரக்கதவு, ஜன்னல் எதுவும் அதை நிறுத்தாது. பல நூறு மீட்டர் தாண்டியும் ஆளைக் கொல்லும். வீட்டுக்குள் சுடும் தூரமோ ஹாலின் நீளம்தான். வரிசையாகக் குவார்ட்டர்ஸ்கள் நிற்கும் தெருவில், அந்தக் குண்டின் மீதிப் பயணம் பக்கத்து வீட்டுக்காரர் தலையில் முடியலாம். தூரத்து இலக்குக்காகச் செய்த ஆயுதம் இது. விலையையும் கெத்தையும் பார்த்து வாங்குகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

12 போர் தோட்டாவில் ஈய ரவைகள். எல்.ஜி. என்றால் பெரிய ரவைகள் சில. 4-ஆம் நம்பர் என்றால் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு ரவைகள். சிறு ரவை காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும். தெரு தாண்டிப்போய்க் கொல்லும் ஆபத்து குறைவு. பெரிய ரவை வாங்கினால் ரைஃபிளின் குறையில் ஒரு பகுதி திரும்பி வந்துவிடும். ஆனாலும் அறைக்குள், கிட்டத்தில், எந்த ரவையும் கொல்லும். ‘மிரட்டுவதற்கு மட்டும்’ என்று ஒரு தோட்டா கிடையாது. மிரட்ட நினைப்பவர்கள் உரிமம் தேவையில்லாத 4.5 மி.மீ. ஏர்கன் வாங்குகிறார்கள். அது திருடனை நிறுத்தாது. ஆனால் உண்மைத் துப்பாக்கி என்று அவன் நம்பிவிட்டால் அவனைச் சீண்டிவிடும். மூன்றிலும் மோசமான தேர்வு அதுதான்.

ஆனால் நெய்வேலிக்கு இந்தத் தோட்டாக் கணக்கெல்லாம் இரண்டாம் பட்சம். உரிமம் ஆளுக்குத்தான், வீட்டுக்கல்ல. சுரங்கத்திலோ அனல்மின் நிலையத்திலோ அப்பா நைட் ஷிஃப்டில் இருக்கும்போது பீரோவில் இருக்கும் துப்பாக்கியை எடுக்க அம்மாவுக்கோ மகனுக்கோ தனி உரிமம் வேண்டும். பொங்கலுக்குக் குடும்பத்தோடு ஊருக்குப் போனாலோ, பூட்டிய வீட்டில் திருடனுக்குக் கிடைக்கும் மிக விலைமதிப்பான பொருள் அந்தத் துப்பாக்கிதான். நகை போனால் நஷ்டம் நமக்கு. துப்பாக்கி போனால் ஊருக்கே. தேர்தல் வந்தால், பரிசீலனைக் குழு விலக்கு தராதவர்கள் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். 2024-இல் தேர்தல் நடத்தை விதிகள் மார்ச் 16 முதல் ஜூன் 6 வரை அமலில் இருந்தன. கோடை விடுமுறையின் பெரும்பகுதி அதற்குள்ளேயே போயிற்று.

பயிற்சி இருந்தால் சரியாகிவிடும் என்பார்கள். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள் பாதுகாப்புப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது நல்ல மாற்றம்தான். ஆனால் 2014 மார்ச் 17 அன்று இதே ஊரில், இரண்டாம் சுரங்க வாசலில், ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் வாக்குவாதத்துக்கிடையே மத்தியத் தொழில் பாதுகாப்புப் படைக் காவலர் சுட்டு இறந்தார். சுட்டவர் ஆயுதப் பயிற்சி பெற்றவர், சீருடையில் பணியில் இருந்தவர். தூக்கக் கலக்கத்தில், இருட்டில், அடுக்களைப் பக்கம் கேட்ட சத்தத்துக்கு எழுந்து வருகிறவரிடம் அதைவிட நிதானத்தை எதிர்பார்க்க எனக்குத் தைரியமில்லை. சத்தம் செய்தது தண்ணீர் குடிக்க எழுந்த மகனாக இருக்கலாம். பத்திரமாகப் பூட்டி, தோட்டாவைத் தனியே வைத்தால் அந்த ஆபத்து குறையும். கூடவே, சமயத்தில் துப்பாக்கி கைக்கு வருவதும் தாமதமாகும். இந்த முடிச்சை அவிழ்க்கிற மாடல் எந்தக் கடையிலும் கிடைக்காது.

டவுன்ஷிப் எல்லையைத் தாண்டினால் கணக்கு மாறுகிறது. பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் முந்திரித் தோப்புக்குள் ஒற்றை வீடு. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஆளில்லை. போலீஸ் வர நேரமாகும். வீட்டுக்காரர் இரவில் வீட்டில்தான் இருக்கிறார். அங்கே சிறு ரவைத் தோட்டாவோடு ஓர் இரட்டைக்குழலுக்கு நியாயம் இருக்கிறது. டவுன்ஷிப்புக்குள் அக்கம்பக்கமும், நடந்துபோகும் தூரத்தில் காவல் நிலையமும் உள்ளவருக்கு, ஊருக்குப் போகுமுன் அந்த நிலையத்தில் சொல்லிவிட்டுப் போகிற வேலை லைசென்ஸ் விண்ணப்பத்தைவிடச் சின்னது. அதற்குக் கலெக்டர் கையெழுத்தும் வேண்டாம்.