சிற்றில் சிதைத்தலும் துயர்செய்தலும்: மணற்பெட்டி விளையாட்டை முன்வைத்து ஒரு மறுவாசிப்பு

ஆய்வுச்சுருக்கம்

பலர் கூடி ஓர் உலகை ஆராய்ந்து கட்டும் கணினி விளையாட்டுகள் 'மணற்பெட்டி விளையாட்டுகள்' எனப்படுகின்றன. தமிழ் இலக்கியத்தில் மகளிர் கூடி மணலில் வீடு கட்டும் சிற்றில் விளையாட்டு இவற்றோடு ஒப்புநோக்கத்தக்கது. இரண்டிலும் கட்டுதலோடு சிதைத்தலும் உடன்வருகிறது. புதிய விளையாட்டு சிதைத்தலைக் கட்டியவர் அடையும் துயரால் பெயரிடுகிறது. பிள்ளைத்தமிழ் இலக்கணமோ சிதைப்பவனின் செயலால் பெயரிடுகிறது. இவ்வேறுபாட்டை முன்வைத்து, சிற்றிற் பருவப் பாடல்களைக் குழந்தைக் குறும்பின் பதிவாக மட்டும் காணும் வழக்கத்தை இக்கட்டுரை மறுபரிசீலனை செய்கிறது.

திறவுச்சொற்கள்: சிற்றில், வண்டல், ஆயம், பிள்ளைத்தமிழ், நாச்சியார் திருமொழி, மைன்கிராஃப்ட், மணற்பெட்டி விளையாட்டு.

முன்னுரை

வெற்றி, தோல்வி, முடிவு என்னும் வரையறைகள் இன்றி, கிடைக்கும் பொருளைக் கொண்டு விரும்பியதைச் செய்துகொள்ள இடந்தரும் கணினி விளையாட்டுகளுக்கு மணற்பெட்டி என்னும் பெயர் வழங்குகிறது. மேலைநாட்டுப் பூங்காக்களில் சிறுவர் விளையாடுவதற்காக மணல் நிரப்பி வைக்கும் பெட்டியிலிருந்து இப்பெயர் வந்தது. இவ்வகையில் மிகுதியாக அறியப்பட்டது மைன்கிராஃப்ட். மார்க்கஸ் பெர்சன் என்னும் சுவீடன் நாட்டு நிரலாளர் 2009ஆம் ஆண்டில் இதனை முதன்முதலாக வெளியிட்டார். முழுமையான பதிப்பு 2011 நவம்பரில் வெளிவந்தது. இதனை உருவாக்கிய மொஜாங் நிறுவனத்தை 2014இல் மைக்ரோசாஃப்ட் 250 கோடி டாலர் விலைக்கு வாங்கியது. 2023ஆம் ஆண்டுக்குள் இவ்விளையாட்டின் விற்பனை 30 கோடிப் படிகளைக் கடந்தது.

இத்தகைய விளையாட்டைத் தமிழாய்வு புறத்தே நின்று காணவேண்டியதில்லை. மணலைக் கொண்டு கூடிக் கட்டுதல், கட்டியது அழிதல், அழிவை எண்ணி இரங்குதல் ஆகியவற்றைச் சங்கப் பாடல்கள் தொடங்கிப் பிள்ளைத்தமிழ் வரை தமிழ்க் கவிதை தொடர்ந்து பேசியுள்ளது. புதிய விளையாட்டில் எழுந்துள்ள சிக்கல்கள் பழைய பாடல்களை மீண்டும் வாசிக்கத் தூண்டுகின்றன.

மணலும் கட்டியும்

மைன்கிராஃப்ட் உலகம் கனசதுரக் கட்டிகளால் ஆனது. ஒரு கட்டி ஒரு கனமீட்டர் அளவினதாகக் கொள்ளப்படுகிறது. ஆடுவோர் மரம் வெட்டியும் கல் அகழ்ந்தும் பொருள் சேர்க்கின்றனர். அவற்றை இணைத்துக் கருவி செய்கின்றனர். பின்னர் வீடும் பாலமும் ஊரும் எழுப்புகின்றனர். ஒரே உலகில் பலர் நுழையும்போது ஒருவர் கல் சுமக்க, மற்றொருவர் கூரை வேய, வேறொருவர் அறியாத நிலப்பகுதிகளைத் தேடிச் செல்கிறார். உழைப்புப் பங்கீடு இயல்பாகவே உருவாகிறது.

சங்க இலக்கியம் காட்டும் ஆயத்தின் விளையாட்டும் இத்தன்மையதே. அகநானூற்றின் 110ஆம் பாடலில் நெய்தல் நிலத்து மகளிர் கடலாடி, சிற்றில் இழைத்து, சிறுசோறு குவித்து, அவ்வுழைப்பால் களைத்துச் சற்றே இளைப்பாறுகின்றனர். விளையாட்டை இப்பாடல் வருத்தம் தரும் உழைப்பாகவும் காட்டுவது குறிப்பிடத்தக்கது. குறுந்தொகையின் 326ஆம் பாடல், மகளிர் கானலில் கட்டிய சிறுமனையில் வாய்த்த நட்பைப் பற்றிப் பேசுகிறது. மணல்வீடு நிலையாதது, அதனைக் கட்டும் வேளையில் பிறந்த உறவோ பாடலின் பொருளாகிறது. கூடிக் கட்டும் விளையாட்டில் கட்டப்படுவன இரண்டு: ஒன்று வீடு, மற்றொன்று ஆயம்.

சங்கப் பாடல்களில் மூவகைச் சிதைவு

சிற்றிலும் வண்டற்பாவையும் அழியும் சூழல்கள் சங்கப் பாடல்களில் மூவகையாக அமைகின்றன.

முதலாவது, இயற்கையால் நேரும் அழிவு. ஐங்குறுநூற்றின் 124ஆம் பாடலில் வண்டற்பாவையைக் கடல் கவர்ந்துகொள்ள, அதனைச் செய்த பெண் நுண்ணிய மணலை அள்ளிக் கடலையே தூர்க்க முயல்கிறாள். தலைவனின் உறவாக அவளைச் சுட்டும் கூற்றில் எள்ளல் இழையோடுகிறது. எனினும், தான் செய்ததை இழந்தவளின் சினத்துக்கு இதைவிடச் செறிவான படிமத்தைக் காண்பது அரிது. எதனால் பாவையைச் செய்தாளோ அதே மணலால் கடலை எதிர்க்கிறாள்.

இரண்டாவது, கட்டியவர் தாமே அழித்தல். முற்கூறிய அகநானூற்றுப் பாடலில் புதியவன் ஒருவன் வந்து தங்க இடம் வேண்டுகிறான். விடை கூறிய மகளிர், கடலில் தோன்றும் நாவாய்களைக் காணச் செல்வோம் என்று கூறித் தாம் இழைத்ததைத் தம் காலாலேயே சிதைத்துவிட்டு அகல்கின்றனர். இச்சிதைவில் துயரம் இல்லை. ஏனெனில் முடிவு கட்டியவருடையது.

மூன்றாவது, பிறர் அழித்தல். கபிலர் பாடிய குறிஞ்சிக்கலியின் 51ஆம் பாடலில் தலைவி தன் தோழியிடம் ஒருவனைப் பற்றி நினைவுகூர்கிறாள். தெருவில் கட்டிய மணல்வீட்டைக் காலால் சிதைத்தவன், சூடிய மாலையைப் பறித்தவன், பந்தைக் கவர்ந்து ஓடியவன் என அவனுடைய செயல்களை வரிசைப்படுத்துகிறாள். பின்னர் ஒருநாள் நீர் வேண்டி வந்த அவன் கையைப் பற்றியபோது அலறிய தலைவி, தாய் ஓடிவந்ததும் அவன் விக்கினான் என்று பொய் கூறி அவனைக் காக்கிறாள். முறையீடாகத் தொடங்கிய கூற்று உடன்பாடாக முடிகிறது. காதலின் முன்கதையாக மாறியதாலேயே இங்குச் சிதைத்தல் மன்னிக்கப்படுகிறது. ஆயினும் அவன் செயல்கள் நோவத்தக்கவை என்பதைத் தலைவி மறைக்கவில்லை.

இம்மூன்றையும் பிரித்தறிவது இன்றியமையாதது. செயல் ஒன்றாகத் தோன்றினும் யார் செய்தார் என்பதைப் பொறுத்து அதன் பொருள் முற்றிலும் வேறுபடுகிறது.

பருவப் பெயரும் பாடற்குரலும்

ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் ஒன்று சிற்றில் சிதைத்தல். பெண்பாற் பிள்ளைத்தமிழில் பெருவழக்காக அமைவன அம்மானை, நீராடல், ஊசல் முதலியன. பதினேழாம் நூற்றாண்டைச் சார்ந்த குமரகுருபரர் இருபாலுக்கும் பிள்ளைத்தமிழ் பாடியுள்ளமை ஒப்பீட்டுக்கு வாய்ப்பளிக்கிறது. அவருடைய முத்துக்குமாரசுவாமி பிள்ளைத்தமிழில் சிற்றிற் பருவம் உண்டு. மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்கள் அம்மானை, நீராடல், ஊசல் என்பன. சிற்றிலைச் சிதைக்கும் ஆண்குழந்தைக்கு ஒரு பருவம் கிடைக்க, அதனைக் கட்டும் பெண்குழந்தைக்கு இந்நூலில் அதற்கென ஒரு பருவம் அமையவில்லை.

இதனினும் நுட்பமான முரண் ஒன்று பருவத்தின் பெயரிலேயே உள்ளது. பெயர் சிதைப்பவனின் செயலைச் சுட்டுகிறது. பாடல்களோ கட்டிய சிறுமியரின் கூற்றாக, சிதைக்காதே என்னும் வேண்டுகோளாக அமைகின்றன. பாட்டுடைத் தலைவன் அங்கே பேசுவதில்லை. சிற்றிற் பருவத்தைக் குழந்தையின் குறும்பு வெளிப்படும் இடமாக மட்டும் விளக்கும் உரைமரபு பெயரைப் பின்பற்றுகிறது; குரலைக் கேட்கத் தவறுகிறது.

இக்குரலை முழுமையாகக் கேட்க நாச்சியார் திருமொழியின் இரண்டாம் திருமொழி துணைசெய்கிறது. சிற்றில் சிதைக்க வரும் கண்ணனை நோக்கிச் சிறுமியர் பேசும் பத்துப் பாசுரங்கள் அவை. வெண்ணிற நுண்மணலைத் தெள்ளி எடுத்ததையும், முதுகு நோக அமர்ந்து இழைத்ததையும், வீதி அழகுற அமைத்ததையும் அவர்கள் எடுத்துரைக்கின்றனர். வேண்டுகோளின் முதற்சான்றாக வைக்கப்படுவது உழைப்பே. அதே பத்தில், நீ அழித்தாலும் எமக்குச் சினம் இல்லை, உள்ளம் உருகுகிறது என்னும் கூற்றும், வீட்டோடு எம் சிந்தையையும் சிதைக்கலாமோ என்னும் வினாவும் இடம்பெறுகின்றன. முறையீட்டையும் ஈடுபாட்டையும் ஒன்றை மற்றொன்று விழுங்கிவிடாதவாறு ஆண்டாள் இணைத்துள்ளார்.

துயரின் பெயர்

மணற்பெட்டி விளையாட்டுகளில் பிறர் கட்டியதை வேண்டுமென்றே அழித்தலுக்கு ஆங்கிலத்தில் 'க்ரீஃபிங்' என்று பெயர். துயரத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து இது பிறந்தது. தமிழில் 'துயர்செய்தல்' எனலாம். இப்பெயர் அழிப்பவரின் திறத்தையோ குறும்பையோ சுட்டவில்லை. அழிவுக்கு ஆளானவர் அடையும் நிலையைச் சுட்டுகிறது. பிள்ளைத்தமிழின் பருவப்பெயர் நின்ற பக்கத்துக்கு இது நேரெதிர்ப் பக்கம்.

சங்கப் பாடல்களில் கண்ட மூவகைப் பாகுபாடு இங்கும் பொருந்துகிறது. க்ரீப்பர் என்னும் உயிரி வெடித்துக் கட்டடத்தைத் தகர்ப்பது விளையாட்டு உலகின் இயற்கையாகக் கொள்ளப்படுகிறது. அதனை யாரும் குற்றமாகக் கருதுவதில்லை. கட்டியவர் தாமே இடித்து மீண்டும் எழுப்புவது விளையாட்டின் பகுதி. மூன்றாவது வகை மட்டுமே முறையீட்டுக்கு உரியது.

2014ஆம் ஆண்டு டென்மார்க் அரசின் நிலத்தரவு முகமை அந்நாடு முழுவதையும் மைன்கிராஃப்ட் உலகில் முழு அளவில் உருவாக்கி அனைவருக்கும் திறந்துவிட்டது. வெடிபொருள்களுக்கு அங்கே தடை இருந்தது. எனினும் வெடிபொருள் ஏற்றிய சுரங்க வண்டிகள் அத்தடைக்குள் அடங்கவில்லை. அவற்றைக் கொண்டு சிலர் ஒரு பகுதியைத் தகர்த்து, அங்கே அமெரிக்கக் கொடிகளை நட்டனர். அரசே கட்டிய சிற்றிலும் சிதைப்புக்குத் தப்பவில்லை.

விதிகள் ஏதுமின்றி 2010 முதல் இயங்கிவரும் '2பி2டி' என்னும் பொது வழங்கி வேறொரு படிப்பினையைத் தருகிறது. புதியவர் நுழையும் இடத்தைச் சுற்றிலும் அங்குப் பாழ்நிலமே காணப்படுகிறது. நிலைத்திருக்க வேண்டும் என்று கருதுவோர் நெடுந்தொலைவு சென்று மறைவாகக் கட்டுகின்றனர். சிதைத்தலுக்கு வரம்பில்லாத இடத்தில் கட்டுதல் அற்றுப்போவதில்லை. பொதுவெளியை விட்டு ஒளிந்துகொள்கிறது. தெருவில் எல்லாரும் காண இழைக்கப்பட்ட சிற்றிலுக்கு இது மாறான நிலை. மற்ற வழங்கிகள் பல, யார் எக்கட்டியை வைத்தார், யார் அகற்றினார் என்பதைப் பதிந்துவைத்து, அழிந்ததை மீட்டெடுக்கும் நிரல்களைப் பயன்படுத்துகின்றன. கட்டியவரின் உழைப்புக்கு அங்கே ஆவணம் உண்டு.

இவ்வுழைப்பு மெய்யுலகுக்கும் பயன்பட்டுள்ளது. ஐக்கிய நாடுகள் மனித வாழ்விடத் திட்டமும் மொஜாங் நிறுவனமும் 2012இல் தொடங்கிய 'பிளாக் பை பிளாக்' முயற்சி, பொதுவெளிகளைத் திட்டமிட அப்பகுதி மக்களையே மைன்கிராஃப்டில் கட்டச்செய்கிறது. நைரோபியின் கிபேரா, மும்பை முதலிய இடங்களில் இது செயற்பட்டது. வியட்நாமின் ஹனோய் நகரைச் சார்ந்த கிம் சுங் பகுதியில் வளரிளம் பெண்கள் தாம் அச்சமின்றி நடமாடத்தக்க தெருக்களை இவ்விளையாட்டில் வடிவமைத்தனர். தெருவில் சிறுமியர் கட்டுவதை ஊர் செவிமடுக்க வேண்டிய கருத்தாக ஏற்றல் என்பது சிற்றில் விளையாட்டின் மறுதலையான பயன் எனலாம்.

ஒப்பீட்டின் எல்லை

இவ்வொப்பீட்டுக்கு எல்லைகள் உள்ளன. பிள்ளைத்தமிழின் பாட்டுடைத் தலைவன் பெரும்பாலும் கடவுள். உலகத்தைப் படைத்து அழிப்பவனிடம் சிறுவீட்டை அழிக்காதே என்று வேண்டுவதில் மெய்யியற் பொருள் உண்டு. அழிக்க வருவதே அருள வருவதாகவும் கொள்ளப்படும். இதனை உரிமை மீறலாக மட்டும் வாசித்தால் பக்தியின் நுட்பம் புலப்படாது போகும்.

மேலும், கணினி உலகில் அழிந்ததை மீட்கலாம். அலை கொண்டுசென்ற வண்டற்பாவைக்கு மீட்சி இல்லை. நிலையாமையே வண்டல் விளையாட்டுக்கு அழகு தருகிறது என்று வாதிடவும் இடமுண்டு. ஆனால் நிலையாமையை ஏற்றல் வேறு, சிதைப்பவனுக்கு உரிமை வழங்கல் வேறு. அகநானூற்று மகளிர் நிலையாமையை அறிந்தே தம் காலால் சிதைத்தனர். அவ்வுரிமையைப் பிறர் எடுத்துக்கொள்ளும்போதே வேண்டுகோள் பிறக்கிறது. பக்தி வாசிப்பும்கூட இவ்வேண்டுகோளை நீக்கிவிட்டு நிற்க இயலாது. வேண்டுவதற்கு உண்மையான இழப்பு இல்லையெனில் அருளுக்கும் பொருளில்லை.

முடிவுரை

தமிழ் மரபில் சிற்றில் கட்டுவோரின் உழைப்பும் இழப்பும் பாடல்களுக்குள் தெளிவாகவே ஒலிக்கின்றன. அவற்றை மறைத்தவை வகைப்பாட்டுப் பெயரும் அதனைப் பின்பற்றிய விளக்கங்களுமே. துயர்செய்தல் என்னும் புதிய விளையாட்டுச் சொல், பெயரிடுவோர் எப்பக்கம் நிற்கின்றனர் என்னும் வினாவை எழுப்ப உதவுகிறது. சிற்றிற் பருவத்தைக் கற்பிக்கும்போது சிதைப்பவனின் அழகோடு, மணலைத் தெள்ளியவர் யார், எவ்வளவு நேரம் உழைத்தனர், எதனைச் சான்றாக வைத்து வேண்டுகின்றனர் என்பவற்றையும் கேட்டல் வேண்டும்.

ஆடவன் சிதைப்பவனாகவே வருதல் மரபின் கட்டாயமும் அன்று. புறநானூற்றின் 243ஆம் பாடலில் தொடித்தலை விழுத்தண்டினார் காட்டும் முதியவர், மணலிற் செய்த பாவைக்குப் பூச்சூட்டிய மகளிரோடு கைகோத்து, அவர்கள் தழுவியபோது தழுவியும் அசைந்தபோது அசைந்தும் ஆடிய இளமையை எண்ணி இரங்குகிறார். ஒளிவுமறைவு அறியாத அந்த ஆயத்தில் அவர் ஒன்றையும் சிதைக்கவில்லை. முதுமையில் அவர் நினைவில் எஞ்சியிருப்பது அப்பாவையும் அந்த ஆயமுமே.