தந்தையின் தொட்டியும் மகனின் நூலும்

வீட்டுக் கூடத்திலே கடல்மீன் வளர்த்தல் நம் பேராக் மாநிலத்திலும் வசதியுடையார் சிலரின் பொழுதுபோக்காகியிருக்கின்றது. ஈப்போ கடற்கரை நகரமன்று; லூமுட் துறையை அடைய எண்பது கிலோமீட்டருக்குமேல் செல்லவேண்டும். இருந்தும் ஆறடி நீளத்தில் கண்ணாடித் தொட்டி அமைத்து, உப்புநீர் நிரப்பி, நீல விளக்கிட்டு, பவளமும் கோமாளி மீனும் வைத்து மகிழ்வோர் உளர். முன்னே ரப்பர் நின்று இப்போது செம்பனை நிற்கும் தோட்டங்களின் இளைஞரும் கைப்பேசியில் அக்காட்சிகளைக் கண்டு ஆசை கொள்கின்றனர்.

இதனை ஆடம்பரமென்று ஒரே சொல்லில் தள்ளுவாரும், இயற்கையன்பென்று வானளாவப் புகழ்வாரும் உளர். இவ்விரு சாராரும் படிக்கவேண்டிய ஆங்கில நூல்கள் இரண்டு உண்டு. ஒன்று தந்தை எழுதியது. மற்றொன்று மகன் எழுதியது. அருகருகே வைத்துப் படித்தாலன்றி ஒன்றின் பொருளும் முழுதும் விளங்காதென்பது நம் கருத்து.

முன்னது பிலிப் ஹென்றி காஸ் 1854இல் வெளியிட்ட 'அக்குவேரியம்'. கண்ணாடி மீதிருந்த தீர்வை 1845இல் நீக்கப்பட்டமையால் இங்கிலாந்தில் கண்ணாடி மலியத் தொடங்கிய காலம் அது. 1853இல் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் மீன்வீடு திறந்தனர். அதற்கு உயிர்களைத் திரட்டித் தந்தவர்களுள் காஸும் ஒருவர். நூல் வெளிவந்ததும் நடுத்தர வீடுகள்தோறும் தொட்டிப் பித்துப் பிடித்தது. சென்னைக் கடற்கரையில் 1909இல் எட்கர் தர்ஸ்டன் முயற்சியால் திறக்கப்பட்டு, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மூடப்பட்ட கடல்மீன் காட்சிச்சாலையும் அக்கொடியின் கிளையே.

நூலின் சிறப்பு யாது? ஆசிரியரின் கண். பாறைக்குழியில் ஒரு கடற்சாமந்தி தன் கைகளை மெல்ல விரிப்பதைக் காஸ் காண்பதுபோல் காண்பார் அரியர். கற்றோர்க்கு மட்டும் எழுதிய விலங்கியலன்று அது. கடைக்காரனும் எழுத்தனும் கையில் ஒரு கலயத்தோடு கரைக்குப் புறப்படும்படி எழுதிய நடை. படங்களும் அவர் கைவண்ணமே.

ஆனால், உயிரைக் கண்ட கண் நீரைக் காணவில்லை. கடற்பாசி உயிர்க்காற்றை வெளிவிடும், விலங்கு அதனை உட்கொள்ளும், இரண்டும் சமன்பட்டால் நீர் கெடாது என்பது அக்காலத்தார் கொள்கை. அது பாதி உண்மை. மீனின் கழிவிலிருந்து எழும் அம்மோனியா என்னும் நஞ்சினைக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் அத்துணைக் கொடுமையில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுதல் வேண்டும். நுண்ணுயிர்களின் இத்தொழில் 1877 முதற்கொண்டே தெளிவுபட்டது. அதற்குள் எத்தனையோ இல்லங்களில் தொட்டி நாறிற்று. செத்ததை எறிந்துவிட்டு மறுபடியும் கரைக்கே சென்றனர்.

இவ்விடத்து இன்னொன்றும் சொல்லவேண்டும். காஸின் நூலுக்கு முன்னரே, 1846இல், ஆனா தைன் என்னும் சீமாட்டி டார்க்கி கடற்கரையிலிருந்து பவளவுயிர்களை இலண்டனுக்குக் கொணர்ந்து வளர்த்தார். நீரில் காற்றுக் கலக்க வழி யாது? வீட்டுப் பணிப்பெண் ஒருத்தி திறந்த சன்னலருகே நின்று, நாள்தோறும் அரைமணி நேரத்திற்குக் குறையாமல் அந்நீரை ஒரு கலத்திலிருந்து மற்றொரு கலத்திற்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். இன்று மின்பொறி செய்யும் வேலை அது. பால்வாளி சுமந்து பழகிய நம் தோட்டத்துத் தாய்மார்க்கு அவள் கை எப்படி வலித்திருக்கும் என்று எடுத்துரைக்க வேண்டுவதில்லை. சீமாட்டியின் பெயர் நூல்களில் இருக்கின்றது.

மற்றது, எட்மண்டு காஸ் 1907இல் எழுதிய 'தந்தையும் மகனும்'. ஏறத்தாழ இதே பெயருடைய ருசிய நாவலோடு மயங்கற்க. சமயப் பிடிவாதமுடைய தந்தைக்கும் தன்னறிவு தேடும் மகனுக்கும் நேர்ந்த பிணக்கே அதன் கதையாதலின், பலரும் அதனைச் சமய வழக்காகவே வாசிக்கின்றனர். நமக்கோ அதனுள் சிறந்ததாகத் தோன்றுவது டெவன் கடற்கரைப் பகுதியே. சிறுவனாய்த் தந்தையோடு நீரில் இறங்கிக் கண்ட பாறைக்குழிகள் பிற்காலத்தில் சூறையாடப்பட்டுக் கிடந்ததை அவர் கூறுகின்றார். சூறையாடினவர் யார்? தந்தையின் நூல்களைப் படித்துப் புறப்பட்ட நல்லவர்கள்! தம் எழுத்தே அவ்வழிவிற்குக் காரணமாயிற்றென்று தந்தையும் உணர்ந்து மிக வருந்தினாராம். மகன் பழி தூற்றவில்லை, மறைக்கவுமில்லை. அந்த நேர்மையால்தான் சிறிய அப்பகுதி பெரிதாகின்றது.

கண்ணிருந்தும் காணாமை தந்தையிடம் வேறு வகையிலும் இருந்தது. 1857இல் 'ஓம்ஃபலோஸ்' என்றொரு நூல் எழுதி, மண்ணுள் கிடக்கும் பழஞ்சிப்பிச் சுவடுகளெல்லாம் உலகம் படைக்கப்பட்டபோதே பழையனபோல் அமைக்கப்பட்டவை என்று வாதித்தார். அவர் நண்பரே அதனை ஏற்கவில்லை. நம் கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகள், பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே பரந்துகிடந்த ஆழமில்லாக் கடலில் படிந்தவை. அக்கடலுயிர்களின் ஓடுகளும் கூடுகளும் அவற்றுள் உள்ளன. தொட்டியில் பவளம் வளர்ப்போர் இன்று விலைகொடுத்து வாங்கி நீரில் கலக்கும் சுண்ணாம்புச் சத்து, ஈப்போ நகரைச் சுற்றி மலைமலையாய் நிற்கின்றது.

நீரின் மறைபொருளை வீட்டுத் தொட்டிக்குள் கொணர்ந்தோருள் முதன்மையானவர் ஒருவர் நம் அண்டை நாட்டவர் என்பதை இங்கு பலர் அறியார். ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், உயிர் நிறைந்த பாறைத்துண்டுகள், இயற்கைக் கடல்நீர், சிறிது காற்றுக்குமிழி ஆகிய இவற்றைக்கொண்டே பவளம் வளர்த்து, தம் முறையை 1961இல் அமெரிக்க மீன்வளர்ப்பு இதழொன்றில் வெளியிட்டார். நஞ்சை மாற்றும் நுண்ணுயிர்கள் அப்பாறையிலேயே குடியிருந்தன. காஸின் தொட்டிக்கு வேண்டியிருந்தது அதுவே.

கணக்கெழுதிப் பிழைக்கும் நமக்கு எதையும் எண்ணிப் பார்த்தாலன்றி மனம் அமையாது. மேற்சொன்ன ஆறடித் தொட்டிக்கு அகலமும் உயரமும் இரண்டிரண்டடி என்றால் 24 கன அடி. ஏறத்தாழ 680 லிட்டர். லிட்டருக்கு 35 கிராம் வீதம் உப்பு மட்டும் 24 கிலோ. கண்ணாடியும் பாறையும் நீங்கலாக நீரின் எடை 700 கிலோ. வாரந்தோறும் பத்திலொரு பங்கு நீரை மாற்றினால் 68 லிட்டர். மின்சாரம் நெடுநேரம் நின்றால் அத்தனையும் பாழ். இவ்வேலையை ஒழுங்காகச் செய்பவரை ஆடம்பரக்காரர் என்று தள்ள நமக்கு மனம் வரவில்லை.

ஆயினும் மகனின் கேள்வி அப்படியே நிற்கின்றது: தொட்டி நிறைந்தது, கரை என்னவாயிற்று? 2003இல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' என்னும் படம், பவளத்திட்டிலிருந்து பிடிபட்டுப் பல் மருத்துவர் ஒருவரின் தொட்டியில் அடைபட்ட கோமாளி மீன் குஞ்சின் துயரைக் காட்டிற்று. குழந்தைகளின் நெஞ்சைத் தொடும் படமே. ஆயினும், தாய் இறந்தபின் தந்தை தந்தையாகவே இருந்து மகனைத் தேடுவது அம்மீனின் இயல்பன்று. பெண்மீன் மறைந்தால் அதன் துணையான ஆண்மீனே பெண்ணாக மாறும். அஃதாவது போகட்டும். படத்தின் பெருங்குறை வேறு. பல் மருத்துவரைக் காட்டிற்று. மீன் பிடித்து விற்று வயிறு வளர்க்கும் ஏழையைக் காட்டவில்லை.

1960களில் பிலிப்பைன்ஸில் தொடங்கிய சயனைடு வழக்கத்தை எண்ணிப் பாருங்கள். நஞ்சைப் பவளத்தின்மீது பீய்ச்சி, மயங்கிய மீனை அள்ளுகின்றனர்; மீன் பல நாள் தாங்குவதில்லை, பவளமும் வெளுத்து மடிகின்றது. சுலாவெசியின் பங்காய்த் தீவுகளில் வாழும் சிறு கருதினால் மீனை 1990களிலிருந்து உலகெங்கும் விற்றனர்; 2007இல் அஃது அழிவை எதிர்நோக்கும் இனமென அறிவிக்கப்பட்டது. கொடுமை என்னவெனில், ஆண்மீன் வாயிலேயே முட்டையை அடைகாக்கும் அவ்வினத்தைத் தொட்டியிலேயே பெருக்குவது எளிது! கோமாளி மீனையோ 1970களிலேயே அமெரிக்காவில் மார்ட்டின் மோ விற்பனைக்கு வளர்த்துக் காட்டினார். நம் இராமநாதபுரக் கரையில், மண்டபத்திலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தாரும் அதன் குஞ்சு பொரிக்கும் முறையை வகுத்துள்ளனர். தொட்டியில் பிறந்த மீன் கிடைக்கும்பொழுது கடலில் பிடித்ததை மலிவென்று வாங்குபவர், காஸின் நூலை ஏந்திக் கரைக்கு ஓடிய கூட்டத்தாரினும் பிழைபட்டவர். அவர்களோ விளைவை அறியார்.

காஸ் இருவரின் நூல்களும் இன்று பதிப்புரிமை கடந்தவை, விலையின்றிக் கிடைக்கும். மகன் நூலின் கடற்கரைப் பகுதியையேனும் யாரேனும் தமிழில் பெயர்த்து வெளியிடலாம். கடலுயிர்ப் பெயர்களுக்குத் தமிழ் ஏதென்று தயங்குவோர், அகராதியைப் புரட்டுமுன் மண்டபத்திலோ பாம்பனிலோ வலை உலர்த்திக்கொண்டிருக்கும் முதியவர் ஒருவரிடம் கேட்பாராக.