இல்லாத பாடலும் ‘நுண்ணறிவு’ என்னும் கலைச்சொல்லும்

திறவுச்சொற்கள்: செயற்கை நுண்ணறிவு, மொழி மாதிரி, புறநானூறு, மரபியல், கலைச்சொல்லாக்கம்

புறநானூற்றின் 267, 268 ஆகிய இரு பாடல்களும் நமக்குக் கிடைக்கவில்லை. 1894ஆம் ஆண்டில் அந்நூலைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், ஏடுகளில் இல்லாததை இட்டு நிரப்ப முற்படவில்லை. அண்மையில் உரையாடல் மென்பொருள் ஒன்றிடம் 267ஆம் பாடலைத் தருமாறு இக்கட்டுரையாளர் கேட்டபோது, அது ஒன்பது அடிகளைத் தந்தது. திணை, துறை, பாடியவர் பெயர் ஆகியனவும் உடன் வந்தன. அடிகளில் அகவலோசைகூட ஓரளவு இருந்தது. அப்பாடல் கிடைக்காத ஒன்று என்று சுட்டியதும் பணிவுடன் மன்னிப்புக் கேட்டுவிட்டு, ‘சரியான வடிவம்’ என வேறு ஏழு அடிகளை நீட்டியது.

இதனைத் தற்செயலான பிழை என்று கடந்துவிட இயலாது. மொழி மாதிரி என்பது, பெருந்திரளான எழுத்துரைகளிலிருந்து எந்தத் துணுக்கினை அடுத்து எந்தத் துணுக்கு வரக்கூடும் என்பதைக் கணிக்கும் ஏற்பாடு. மெய்யான பாடலைத் தரும்போதும் பொய்யான பாடலைத் தரும்போதும் அதனுள் நிகழ்வது ஒரே வகையான கணிப்புதான். 2023ஆம் ஆண்டில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில், சாட்ஜிபிடி புனைந்த தீர்ப்புகளை மேற்கோளாகக் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. அங்கு எதிர்த்தரப்பு தேடிப் பார்த்தது; குட்டு வெளிப்பட்டது. ஆய்வேட்டிற்கு எதிர்த்தரப்பு ஏது?

தமிழ்ப் பதிப்புலகிற்கு இடைச்செருகல் புதிதன்று. ஆனால் செருகியவருக்கு ஒரு காலமும் ஒரு நோக்கமும் இருந்தன. பிற்காலச் சொல்லாட்சி, பிறழ்ந்த யாப்பு, சமயச் சார்பு ஆகியவற்றைக் கொண்டு பதிப்பாசிரியர்கள் அதனை இனங்கண்டனர். பொறி புனையும் அடிகளுக்கு நோக்கம் என ஒன்றில்லை. அவை பழம்பாடல்களின் சொற்சேர்க்கையையே படிமமாகக் கொண்டு எழுபவை. எனவே அகச்சான்று மெல்ல வலுவிழக்கும். அத்தகைய அடிகள் ஓர் ஆய்வேட்டில் ஏறி, அங்கிருந்து இணையத்திற்குச் சென்று, அடுத்த மாதிரியின் பயிற்சித் தரவாகவும் ஆகுமானால், மூலம் எது என வினவுவதற்கு அச்சுப் பதிப்பும் ஏடுமே எஞ்சும்.

இத்தகைய கருவியிடம் நாம் ஐயமின்றிச் செல்வதற்குப் பெயரும் ஒரு காரணம் என்பது இக்கட்டுரையின் கருத்து. ஜான் மெக்கார்த்தி முதலிய நால்வர், 1956 கோடையில் டார்ட்மவுத்தில் நடத்தவிருந்த கூடுகைக்காக 1955இல் எழுதிய நிதி வேண்டுகை முன்மொழிவில் அமைந்த பெயர் அது. அதாவது, பிறக்கும்போதே அது எய்திய நிலையைச் சுட்டிய பெயரன்று. எய்த விரும்பிய நிலையைச் சுட்டியது. தமிழிலோ, உளவியல் நூல்கள் ‘நுண்ணறிவு ஈவு’ என ஆண்ட சொல்லை எடுத்துப் பொறிக்குச் சூட்டிவிட்டோம். (காவல்துறையின் ‘நுண்ணறிவுப் பிரிவு’ உளவறிவதைக் குறிப்பது, நம் தரவுகளைத் திரட்டும் நிறுவனங்களுக்கு அப்பொருளே பொருந்தும் போலும்.)

தொல்காப்பிய மரபியல் அறிவினை எண்ணும் முறை இங்குக் கருதத்தக்கது. புல்லும் மரமும் உற்றறியும் ஓரறிவின. நந்தும் முரளும் சுவையையும், சிதலும் எறும்பும் நாற்றத்தையும், நண்டும் தும்பியும் காட்சியையும் கூடுதலாகப் பெறுகின்றன. கேள்வியோடு ஐந்தாகிறது, மனம் அவற்றோடு ஆறாவதாகச் சேர்கிறது. ‘அவற்றோடு’ என்பதில்தான் செய்தி இருக்கிறது. முன்னைய ஐந்தின்மேல் ஏறி நிற்பதே மனவறிவு. தொடுதலும் அறியாத ஒன்று நேரே ஆறாம் படியில் நிற்பதாகச் சொல்வதை இவ்வைப்புமுறை ஏற்காது.

மரபியல் உயிர்களைப் பற்றியது, பொறியை அதனோடு ஒப்பிடுவது பொருந்தாது என்று மறுக்கலாம். மறுப்பு சரியே, அதனை ஏற்பவர் ‘அறிவு’ என்னும் சொல்லைப் பொறிக்குத் தருவதற்கும் தயங்கவேண்டும். பழஞ்சொல் புதுப்பொருள் பெறுவது மொழியின் இயல்புதான். ஆயினும், ‘கணினி’ அக்கருவி செய்யும் தொழிலைச் சொல்கிறது. ‘நுண்ணறிவு’ அதனை விற்போர் உரிமை கொண்டாடும் தகுதியைச் சொல்கிறது. அத்தகுதிக்குப் பின்னால் மனித உழைப்பும் மறைகிறது. நச்சு உரைகளைப் படித்துப் பிரித்துக் குறியிட்ட கென்யத் தொழிலாளர்கள் மணிக்கு 2 டாலருக்கும் குறைவாகவே பெற்றனர் என்று டைம் இதழ் 2023 சனவரியில் வெளிப்படுத்தியது.

தமிழுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ‘தமிழ்’ என்னும் மூன்றெழுத்துச் சொல் யுனிகோடில் ஐந்து குறிகளாகி, யுடிஎஃப்-8 முறையில் 15 பைட்டுகளாகிறது. பயிற்சித் தரவில் ஆங்கிலம் மிகுந்திருப்பதால் துணுக்கு பிரிக்கும் முறை ஆங்கிலச் சொற்களை முழுமையாகவும் தமிழ்ச் சொற்களைச் சிதைத்தும் கையாள்கிறது. கட்டணம் துணுக்குக் கணக்கில் என்றால், ஒரே செய்திக்குத் தமிழர் கூடுதலாகச் செலுத்துகிறார். எழுத்திலக்கணம் மெய்யினையும் உயிரினையும் பிரித்துக் காட்டிய மொழிக்கு இந்தப் பிரிப்பு எவ்வகையிலும் இலக்கணமாகாது.

ஓலைச்சுவடிப் படிமங்களில் எழுத்தினை இனங்காணப் பொறிக்கற்றல் உதவுவதை இக்கட்டுரையாளர் மறுக்கவில்லை. அங்கு விடையை ஏட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அவ்வாறு ஒப்பிட இயலாத இடத்தில் இக்கருவியைப் பயன்கொண்டோர், தம் ஆய்வேட்டின் நெறிமுறைப் பகுதியில் ‘மொழி மாதிரி’ என்றே அதனைக் குறிக்கலாம். அச்சொல் ஏற்கெனவே வழக்கில் உள்ளது. மேற்கோள் ஒவ்வொன்றிற்கும் அச்சுப் பதிப்பின் பெயரும் பக்க எண்ணும் தரப்படுதல் வேண்டும். மதிப்பீட்டாளர்களும் சிலவற்றையேனும் நூலைத் திறந்து ஒப்பிடுதல் வேண்டும்.